பற்சிப்பிக் கூரை

ஒட்டங்கரட்டில் பாவாயி வீட்டின் ஓட்டுக்கூரை பல்லாகத் தொடங்கிய ஆண்டில் மழை வழக்கம்போலப் பொய்த்தது; புளி வழக்கத்தைவிட நன்றாகக் காய்த்தது; ஊரில் பிறந்த குழந்தைகள் எல்லாம் தங்கள் பெற்றோரைப் போலவே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளரத் தொடங்கின; ஆகவே அந்த ஆண்டைப் பிற ஆண்டுகளிலிருந்து பிரித்து நினைவில் வைத்துக்கொள்ளக் கூரையைத் தவிர வேறொரு காரணம் ஊராருக்கு இருக்கவில்லை.

அந்தத் தண்ணீரைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கரட்டின் அடியிலுள்ள பாறை, தன்னைத் துளைத்து எடுக்கப்பட்ட நீரில் தன் ஃபுளோரைடு உப்பையும் கரைத்து அனுப்பியது. கண்ணுக்கு அது தெளிந்த நீர். நாக்குக்கும் அதில் குறை தெரியாது. ஆனால் ஈறுக்குள்ளே பல் உருவாகிக்கொண்டிருக்கும் பருவத்தில் அதைக் குடித்த குழந்தைக்கு, பல ஆண்டுகள் கழித்து முளைத்து வரும் பல்லில் சுண்ணாம்புத் திட்டுகளும், திட்டுகளின் குறுக்கே துருவைப் போன்ற பழுப்புக் கோடுகளும் இருக்கும். சாம்பலால் தேய்த்தாலும் பற்பசையால் தேய்த்தாலும் அவை போகமாட்டா. ஏனென்றால் அந்தக் கறை பல்லின்மேல் படிந்ததன்று, பல்லோடு பல்லாகக் கட்டப்பட்டது. ஒட்டங்கரட்டார் ஆகையால் வாயை மூடியே சிரித்தார்கள். கல்யாணப் புகைப்படங்களில் மணமக்கள் உதடுகளை இறுக்கிக்கொண்டு, ஏதோ வழக்கில் சாட்சி சொல்ல வந்தவர்களைப்போல நின்றார்கள். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் ஏதாவது வேடிக்கையாகப் பேசிப் பெண்ணைச் சிரிக்கவைத்துவிட முயல்வதும், பெண் கடைசிவரை சிரிக்காமலே காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவதும் அந்த ஊரில் பழகிப்போன போட்டியாக இருந்தன.

பாவாயி புளி உடைப்பவள். மாசி பிறந்ததும் சாலையோரத்து மரங்களின் காய்கள் மூட்டை மூட்டையாக அவள் தெருவில் வந்து இறங்கும். ஓட்டைத் தட்டி, நாரை உருவி, கொட்டையை நீக்கி, சதையை அடையாகத் தட்டிக் கொடுப்பது அந்தத் தெருப் பெண்களின் பிழைப்பு. அவள் கணவன் பச்சியப்பன் அந்த அடைகளை மினி லாரியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவான். அவர்களுக்கு ஒரே மகள், தீர்த்தா, ஏழு வயதுக்காரி; தாயின் முறத்திலிருந்து புளியைக் கிள்ளி நக்கி, பல் கூசிக் கண்களை இறுக மூடி, கூச்சம் அடங்குவதற்கு முன்பே மறுபடியும் கிள்ளுவாள்.

அவளுடைய மேல்வாய் முன்பல் ஆடத் தொடங்கியபோதே அவளுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. பல் விழுந்தபோது காய்ச்சல் ஏறியிருந்தது. பல் இருந்த இடத்தின் வழியாக அவள் மூச்சு மெல்லிய சீழ்க்கையாக வெளிவந்தது. அதைக் கேட்டு அவளே சிரித்தாள்.

அந்த ஊரில், விழுந்த பாற்பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவார்கள். எறிய வேண்டியது பல்லுக்குரிய குழந்தையின் கை. கேட்க வேண்டியது அதன் வாய். "பழச வெச்சுக்க, புதுசத் தா" என்று உரக்கக் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும்.

"அம்மா, நீ எறிஞ்சுராத. காச்ச நின்னதும் நானே எறியறேன். எடுத்து வை."

"ஒம் பல்லத் திருடிட்டுப் போயி எவளும் மால கோத்துக்கப் போறதில்ல. பேசாமப் படு."

"சத்தியமா எடுத்து வெச்சிருக்கியா?"

"குங்குமச் சிமிழ்ல போட்டிருக்கேன்டி. படு."

காய்ச்சல் நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவள் மூச்சு நாளுக்கு நாள் குறுகி, இரண்டு சீழ்க்கைகளுக்கிடையே ஓர் இடைவெளி தோன்றி, அந்த இடைவெளி நீண்டு, பிறகு இடைவெளி மட்டுமே எஞ்சியது. ஏரிக்கரையில் புதைத்தார்கள். பாவாயி அழவில்லை என்று ஊரார் குறை சொன்னார்கள். அழுதிருந்தால் அழுகையிலும் ஒரு குறை கண்டிருப்பார்கள்.

கருமாதி முடிந்து உறவினர்கள் இலையை எடுத்துக்கொண்டிருந்த உச்சிப்பொழுதில், விளக்குக்குப் பொட்டு வைப்பதற்காகச் சிமிழைத் திறந்த பாவாயி பல்லைக் கண்டாள். மாட்டுக்கொட்டகைக்குப் போய் ஒரு பிடி சாணம் எடுத்து, பல்லை அதற்குள் வைத்து உருட்டி, வாசலில் நின்று கூரைமேல் எறிந்து, "பழச வெச்சுக்க, புதுசத் தா" என்று உரக்கக் கேட்டாள். முறைப்படி இறந்த குழந்தையின் பல் அந்தக் குழந்தையோடு மண்ணுக்குப் போக வேண்டும். ஒருவர் பல்லை மற்றொருவர் எறியலாகாது. வாய் இல்லாதவளுக்காகப் பல் கேட்கவும் கூடாது. மூன்று பிழைகளையும் அவள் ஒரே வீச்சில் செய்தாள். பிறகு நாலாவதாகத் திரும்பியும் பார்த்தாள்.

கூரையின் முகட்டருகே ஓர் ஓட்டின்மேல் முதலில் தோன்றியது கைநகம் அளவான வெண்மை. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. காக்கை எச்சம் என்று நினைத்தார்கள். எச்சம் காய்ந்து உதிரும். இது அடையளவு ஆயிற்று, முறத்தளவு ஆயிற்று, ஓட்டின் வரிகளையும் இடுக்குகளையும் மூடி, ஒரே வழவழப்பாக, பால் உறைந்ததுபோல் முகட்டிலிருந்து கீழ்நோக்கி இறங்கி வந்தது. அது வளரும் வேளை உச்சிவெயில். ஒட்டங்கரட்டில் அந்த வேளையில் நாயும் நடமாடாது. தாழ்வாரங்களில் எல்லாரும் கண்ணை மூடிக் கிடப்பார்கள். அப்போது பாவாயி வீட்டுக் கூரைமேல் சின்னக் காலடிகள் கேட்கும்.

"ஏக்கா, ஒங்க கூரையில பூனை ஏதும் குட்டி போட்டிருக்குதா?" என்று எதிர்வீட்டுக் காவேரி கேட்டாள். அவள் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். "மத்தியானமானா திடுதிடுன்னு ஒரே ஓட்டம்."

"பூனை பின்னால பின்னாலயா நடக்கும்?" என்றாள் பாவாயி.

காவேரி காது கொடுத்துக் கேட்டாள். ஒவ்வோர் அடியிலும் முதலில் விரல்நுனி விழுந்தது, பிறகுதான் குதிகால். முகட்டிலிருந்து கூரையின் ஓரத்தை நோக்கி, ஓரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாரோ பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். அடிகளுக்கிடையே மெல்லிய சீழ்க்கை ஒன்றும் இருந்தது. காவேரி அந்தச் சீழ்க்கையை அறிவாள். அவள் தன் வயிற்றிலிருந்து கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு வியாழக்கிழமைதோறும் வந்துபோகும் பல் மருத்துவர் செண்பகவல்லியை ஊராட்சித் தலைவர் மாதையன் அழைத்துவந்தார். அந்த அம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி, பையிலிருந்த கொக்கிக் கம்பியால் கூரையைச் சுரண்டிப் பார்த்து, அங்கிருந்தபடியே அறிவித்தார்.

"எனாமல்தான். பற்சிப்பி. நல்லா வெளஞ்ச எனாமல். இந்த ஊருக்கு வந்த நாளா நான் பாக்கற முதல் நல்ல எனாமல் இதுதான்."

"அப்ப எங்க வாயில இருக்கறதெல்லாம் என்னங்கம்மா?" என்றார் மாதையன்.

"அது ஒங்க போர்வெல்லு."

கீழே நின்றவர்கள் கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஒரு கூரை பல்லாவதில் வியப்பதற்கு அதிகமாக ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு ஊர் விரைவிலேயே வந்துவிட்டது. வியப்பைவிட அதனால் விளைந்த வசதியும் தொல்லையும் பேசத் தகுந்தவையாக இருந்தன. அந்தக் கூரையின்கீழ் வெயில் இறங்கவில்லை. சித்திரையிலும் பாவாயி வீட்டுத் தரை மண்பானையின் வயிற்றைப்போல் குளிர்ந்திருந்தது. விடியற்காலையில் பனி அதன்மேல் திரண்டு, ஓடுகளுக்குள் போவதைப்போல உறிஞ்சப்படாமல், கூரையோரத்திலிருந்து நூல் நூலாக வடிந்தது. முதலில் காவேரி ஒரு குடத்தை வைத்தாள். மறுநாள் வேறு சிலர் வைத்தார்கள். பிறகு குடங்களின் வரிசை தெருமுனையைத் தாண்டியது. காவேரிக்குப் பிறந்த பெண்குழந்தைக்கு, இனியா என்று பெயர், அந்தத் தண்ணீரையே காய்ச்சி ஆற்றிக் கொடுத்தாள்.

"பாறையத் தொடாத தண்ணி எதுவா இருந்தாலும் நல்ல தண்ணிதான்" என்று மருத்துவர் எரிச்சலோடு சொன்னார். "மழத்தண்ணியப் புடிச்சுக் குடிங்கன்னு எத்தன தடவ கத்தினேன்? ஒரு பேய் வந்து சொன்னாத்தான் கேப்பீங்க போலிருக்கு."

பேய் என்ற சொல்லை ஊரார் விரும்பவில்லை. அவர்கள் அதைப் 'பாப்பா வேலை' என்று குறிப்பிட்டார்கள். "பாப்பா வேலை எங்க வரைக்கும் வந்திருக்கு?" என்று டீக்கடையில் விசாரித்துக்கொண்டார்கள். அமிலம் பற்சிப்பியைக் கரைக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போனதால், பாப்பா வேலைக்கு இடையூறாக அந்தத் தெருவில் புளிப்பு ஆகாது என்று ஊராட்சியில் முடிவாயிற்று. புளி உடைக்கும் பெண்கள் முறங்களைத் தூக்கிக்கொண்டு மாரியம்மன் கோயில் திடலுக்குப் போனார்கள். அக்கம்பக்கத்துக் கூரைகளில் வடு மாங்காயும் நார்த்தங்காயும் காயவைப்பது நின்றது. மோர் விற்பவர் தெருமுனையிலேயே திரும்பிப் போனார். ரசம் வைத்த வீட்டுக்காரி அண்டை வீட்டாரிடம் பொய் சொன்னாள். பொய் சொன்னவள் வீட்டுத் தாளிப்பு மணத்தை அண்டை வீட்டார் பெருந்தன்மையோடு முகராதவர்கள்போல் இருந்தார்கள்.

கூரையில், முகட்டிலிருந்து வளர்ந்துகொண்டிருந்த விளிம்புவரை, கோடுகள் தெரிந்தன. வெட்டிய மரத்தின் வளையங்களைப்போல நாளுக்கொன்றாக அவை படிந்திருந்தன. மருத்துவரின் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோடுகளுக்கு ஊடே, நெருக்கி நட்ட நாணல்களைப்போல, பின்னியும் பிணைந்தும் நெட்டுக்குத்தாக நிற்கும் மெல்லிய தூண்களும் தெரிந்தன. ஒவ்வொரு தூணும் பக்கத்துத் தூணைச் சற்றே சாய்ந்து தாங்கியதால் கூரை உளிக்கும் பிளக்கவில்லை. ஊரார் தூண்களைவிடக் கோடுகளையே விரும்பினார்கள். தேர் ஓடிய நாளின் கோடு தெளிவாக இருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து ஊரே இருண்ட நாளின் கோடு சற்று மங்கல். முகட்டருகே, எல்லாவற்றுக்கும் முந்தியதாக, மற்றவற்றைவிடக் கறுத்த கோடு ஒன்று இருந்தது. அது எந்த நாள் என்று யாரும் பாவாயியின் எதிரில் சொல்லவில்லை.

பாவாயி மட்டும் உச்சிப்பொழுதில் தூங்குவதில்லை. அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தலைக்குமேல் நடக்கும் கால்களைக் கேட்பாள். முதலில் அவை அவள் தலைக்கு நேர் மேலே இருந்தன. பிறகு ஒருபோதும் முன்னால் வராமல், ஒரே சீராகத் தள்ளிப் போயின. அடுப்படியிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து வாசற்பக்கத்துக்கு. அவளும் ஒவ்வொரு நாளும் உட்காரும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டாள். ஒரு நாள் அவள் முதுகு வாசற்கதவைத் தொட்டது.

அந்த வாரம் அவள் சுகாதார நிலையத்துக்குப் போய், வாய் காட்ட வந்தவர்களின் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் வாயைத் திறக்காமல் கேட்டாள்.

"டாக்டரம்மா, அவ ஏன் பின்னாலயே போறா?"

செண்பகவல்லி கையுறையைக் கழற்றினார். பொய் சொல்லி ஆறுதல் தருவது அவர் வழக்கமன்று.

"பற்சிப்பியக் கட்டற உயிரணு அப்படித்தான் கட்டும். தனக்கு முன்னால ஒரு படலம் போடும், ஒரு அடி பின்னால போகும். மறுநா இன்னொரு படலம், இன்னொரு அடி. கட்டினதுக்குள்ள திரும்பி வராது, வர முடியாது. வேலை முடியறப்ப அது வெளியோரத்துல நிக்கும்."

"முடிஞ்ச பெறகு?"

"செத்துப்போகும். பல்லு மொளச்சு வெளிய வர்றப்ப அதுங்கள்ல ஒண்ணுகூட மிச்சமிருக்காது. அதனாலதான் பல்லு உடஞ்சா ஆறாது. எலும்பு ஆறும், தோலு ஆறும். இத ஆத்தறதுக்கு ஆளே கெடையாது. எச்சிலு கொஞ்சம் உப்பத் திருப்பி வெச்சு ஒட்டுப்போடும், அவ்வளவுதான்."

"முடியலேன்னா?"

மருத்துவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "முடியலேன்னா கட்டிக்கிட்டே இருக்கும். போங்க, வேற எதையும் யோசிக்காதீங்க."

பாவாயி வேறு எதையும் யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பழம்புளியை இறக்கி, அண்டாவில் ஊறவைத்து, கறுப்பாகக் கரைத்தாள். வெயில் தாழ்ந்து தெருப் பெண்கள் கோயில் திடலிலிருந்து திரும்புவதற்கு முன்பாக ஏணியில் ஏறி, கூடத்தைத் தாண்டிக் கட்டப்பட்டிருந்த பகுதியின்மேல் அதை ஊற்றினாள். கூரை மெல்லச் சீறியது. படலம் வெளுத்துச் சுண்ணாம்பாகி, துடைப்பத்துக்கு வந்துவிட்டது. மறுநாள் உச்சியில் காலடிகள் ஓரத்துக்கு வரவில்லை. கூடத்தின்மேல் நின்று, தயங்கி, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கின. கீழே பாவாயி தன் இடத்தைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டாள். நெடுநாளுக்குப் பிறகு அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

இப்படியே கோடையும் பனியும் கோடையும் சென்றன. உச்சியில் மகள் கட்டினாள். மாலையில் தாய் கரைத்தாள். பச்சியப்பனுக்குத் தெரியும். சந்தைக்குப் போக வேண்டிய அடைகளில் குறைவது எங்கே போகிறது என்று அவன் கேட்டதில்லை. உச்சிப்பொழுதில் மினி லாரியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, காலடிகள் அடங்கும்வரை ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருப்பான். "ஒரு வார்த்த எங்கிட்டயும் சொல்லியிருக்கலாம்" என்று ஒரே ஒரு முறை சொன்னான். "சொன்னா நீ வேணாம்பே" என்றாள் பாவாயி. அவன் மறுக்கவில்லை, அண்டாவைத் தூக்குவதற்கு மட்டும் ஒரு கை கொடுத்தான்.

பாப்பா வேலை ஏன் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று டீக்கடையில் பல விளக்கங்கள் சொன்னார்கள். எல்லா விளக்கத்திலும் மாற்றுக் கட்சிக்காரர் ஒருவருக்குப் பங்கு இருந்தது. பிறகு தண்ணீர் மாறியது. விடியற்காலையில் குடங்களில் விழுந்த பனிநீர் கலங்கலாக, தொண்டையைக் கவ்வும் புளிப்போடு இருந்தது. குடங்கள் ஒவ்வொன்றாக வரிசையிலிருந்து விலகி, ஆழ்துளைக் கிணற்றுக் குழாயடிக்குத் திரும்பின. கடைசிவரை நின்ற குடம் காவேரியுடையது. அந்தக் குடத்தின் அடியில் ஒரு நாள் புளி நார் ஒன்று கிடந்தது.

அவள் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராகப் பாவாயி வீட்டுக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் மாதையனும், அவருக்குப் பின்னால் பாதித் தெருவும் வந்தன.

"வாயத் தொறந்து காட்டுடி" என்றாள் காவேரி. குழந்தை வாயைத் திறந்தது. அரிசியைப்போல் வெள்ளைப் பற்கள்.

"இது பாப்பல்லு, விழுந்துரும்" என்றாள் காவேரி. "பெரிய பல்லு இப்பத்தான் உள்ளாற கட்டிக்கிட்டு இருக்குதாம், டாக்டரம்மா சொன்னாங்க. இப்பக் குடிக்கற தண்ணிதான் நாளைக்கு இவ பல்லு. நான் சிரிச்சு நீ பாத்திருக்கியாக்கா? எங்கல்யாணத்துல? என் வளகாப்புல? பாத்திருக்கியா?"

பாவாயி குழந்தையின் பற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஊருக்குப் பொதுவான விசயம் இது" என்று மாதையன் தொண்டையைச் செருமினார். "கூரை ஒங்களுதுதான். இல்லேங்கல. ஆனா வேலை பாப்பாவோடது. பாப்பா ஊருக்குச் செய்யுது."

"ஊருக்குச் செய்யறாளா?" பாவாயி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அவளுக்குத் தெரியுமா, அவ ஊருக்குச் செய்யறான்னு? பல்லு கேட்டது நானு. அவளக் கூப்புட்டதும் நானு. முடிஞ்சிட்டா அவ போயிருவா. ஒங்களுக்குத் தண்ணி, எனக்கு என்னங்க இருக்கு அதுக்கப்பறம்?"

காவேரி குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அக்கா, ஒம் புள்ள வந்து வந்து போறா. எம் புள்ள இருக்கறதுக்கு வந்திருக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கோபமாகச் சொல்லியிருந்தால் பாவாயி பதில் சொல்லியிருப்பாள்.

மாதையன் ஏணியை எடுத்துப்போகச் சொன்னார். பச்சியப்பன் ஏணியின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். அதை அவனிடமிருந்து பிடுங்க யாரும் முன்வரவில்லை. கூட்டம் கொஞ்ச நேரம் நின்று, வெயில் ஏறியதும் தாழ்வாரங்களைத் தேடிக் கலைந்தது. காவேரி மட்டும் போகாமல், குழந்தையோடு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆகவே அன்று உச்சிப்பொழுதில் பாவாயி கூடத்தில் தனியாக இல்லை. காலடிகள் தொடங்கின. அவள் வழக்கம்போல் கண்களை மூடிக் கேட்டாள். வழக்கம்போலல்லாமல், மற்றொருத்தியும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்ற நினைவோடு கேட்டாள். அதனால் தன் செவிக்குப் பழகிப்போயிருந்ததை அன்று புதிதாகக் கேட்டாள். ஒரு காலத்தில் அந்தக் கால்கள் துள்ளின. இப்போது அவை இழுத்தன. விரல்நுனி விழுந்த பிறகு குதிகால் விழ நேரமாயிற்று. முழங்கால் மடங்காத முதியவர்களைப்போல, போர்வெல் தண்ணீர் எலும்பிலும் இறங்கிவிட்ட குழாயடிக் கிழவர்களைப்போல, அந்தச் சின்னக் கால்கள் நடந்தன. நடைக்கு நடுவே மூச்சு வாங்கியது. சீழ்க்கை ஒன்று, ஓர் இடைவெளி, சீழ்க்கை ஒன்று, அதைவிட நீண்ட ஓர் இடைவெளி.

அந்தக் கணக்கு பாவாயிக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில், இரும்புக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அடுத்த சீழ்க்கைக்காக அவள் காத்திருந்த இடைவெளிகள் அவை. தன் மகளின் வருகையென்று அவள் ஒவ்வொரு மாலையும் அண்டா அண்டாவாகக் கரைத்து நீட்டித்தது எதை என்று அவளுக்கு அப்போது விளங்கிற்று.

"ஏக்கா" என்றாள் காவேரி வாசலிலிருந்து, மிகத் தாழ்ந்த குரலில். "பாப்பாவுக்கு மூச்சு எரைக்குது."

"தெரியுது" என்றாள் பாவாயி.

அன்று மாலை அண்டாவில் புளி ஊறியிருந்தது. அவள் அதைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். தெரு முழுவதும் புளிப்பு நாறியது.

அடுத்த நாள்களில் காலடிகள் கூடத்திலிருந்து வாசற்பக்கம் போயின. மெதுவாகவே போயின, ஆனால் மீண்டும் தொடங்க வேண்டிய வேலை இல்லாததால் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்ப்பட்டது. இத்தனை காலமாகக் கட்டிக் கரைத்த பகுதியில் படலம் திட்டுத்திட்டாக, பழுப்புக் கோடுகளோடு, ஒட்டங்கரட்டார் பல்லைப்போலவே படிந்திருந்தது. அதைத் தாண்டியதும் மறுபடி வெண்மையாயிற்று. முகடு வெண்மை, ஓரம் வெண்மை, நடுவில் ஒரு பாயளவு கறை. வெண்மை ஓரத்தை நெருங்க நெருங்கச் சீழ்க்கையும் மெலிந்தது, ஏதோ ஓர் இடுக்கு அடைபட்டு வருவதைப்போல.

கடைசி நாளில் பாவாயி கூடத்தில் உட்காரவில்லை. உச்சிவெயிலில் வாசலுக்கு வந்து, பல்லை எறிந்த அன்று நின்ற அதே இடத்தில் நின்று, கூரையோரத்தை அண்ணாந்து பார்த்தாள். பச்சியப்பன் லாரியை விட்டு இறங்கி வந்து அவளுக்குப் பின்னால் நின்றான். எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் காவேரி குழந்தையின் கண்களைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தாள்.

கூரை முழுவதையும் பற்சிப்பி மூடியிருந்தது. மீதமிருந்தது ஓரத்து ஓட்டில் விரற்கடை அகலமே. அந்த விரற்கடையின் விளிம்பில், தெருவின்மேல், வெறும் காற்றில், இரண்டு சின்னக் குதிகால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. வெடிப்பில் சாணம் ஒட்டிய, பாவாயி ஆயிரம் முறை தேய்த்துக் கழுவிய குதிகால்கள். அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. வெயில் கூரைமேல் பட்டுத் தெறித்தது. பின்னால் வைக்க இனி அடி இல்லை. குதிகால்கள் தயங்கின. அடுத்த அடிக்கு இடம் தேடுவதைப்போல ஒன்று மெல்ல உயர்ந்து, காற்றைத் தடவி, மீண்டும் ஓட்டின்மேல் வந்து அமர்ந்தது.

பாவாயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏண்டி, வெயில்ல கூரைமேல என்னடி வேலை ஒனக்கு?" என்று அதட்டினாள். தெருவுக்கே கேட்கும் குரல். தீர்த்தா உயிரோடிருந்த காலத்தில் ஒவ்வொரு மத்தியானமும் அந்தத் தெரு கேட்ட குரல். "போதும் வெளையாண்டது. எறங்கு."

சீழ்க்கை ஒன்று கேட்டது. அதற்குப் பிறகு வந்த இடைவெளி முடியவில்லை.

கூரை அதன்பின் வளரவில்லை. ஊரார் வளரும் என்று சில மாதம் எதிர்பார்த்தார்கள். தங்கள் வீட்டுப் பாற்பற்களையும் அதன்மேல் எறிந்து பார்த்தார்கள். அவை வழுக்கிக்கொண்டு வாசலிலேயே விழுந்தன. கட்டிமுடித்த பற்சிப்பிக்குத் தேய்வதைத் தவிர வேறு எதிர்காலம் இல்லை என்று மருத்துவர் சொன்னார். ஆனால் பனி நாள்தோறும் கொஞ்சம் உப்பைத் திருப்பி வைக்கும் என்றும், கவனமாக இருந்தால் இனியாவின் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும் என்றும் சொன்னார். பனிநீர் மறுபடி தெளிந்தது. இனியாவுக்கு ஏழு வயதில் முளைத்த முன்பல் எந்தக் கோடும் இல்லாமல் முளைத்தது. அவள் வாயைத் திறந்து சிரிப்பதைக் கண்டு ஊர்க் கிழவர்கள் அடக்கமில்லாத பெண் என்று பேசிக்கொண்டார்கள்.

அதெல்லாம் பிற்பாடு. அந்தக் கடைசி நாளில், வாசலிலிருந்து உள்ளே போன பாவாயி அடுப்பை மூட்டினாள். பரணில் மீதமிருந்த புளியைக் கரைத்து, கத்தரிக்காய் போட்டு, கெட்டியாகக் குழம்பு வைத்தாள். அந்தத் தெருவில் மூடாத சட்டியில் புளிக்குழம்பு கொதித்து நெடுநாளாயிற்று. தாளிப்பின் மணம் வீடு வீடாகப் போயிற்று. யாரும் முகராதவர்கள்போல் இருக்கவில்லை. யாரும் வந்து தடுக்கவும் இல்லை. பச்சியப்பனுக்கு இலை போட்டாள், தனக்கும் போட்டாள், மூன்றாவது இலையை எடுத்தவள் அதை மடித்து மூலையில் வைத்தாள். முதல் கவளத்திலேயே அவளுக்குப் பல் கூசியது. கண்களை இறுக மூடிக்கொண்டாள். கூச்சம் அடங்குவதற்கு முன்பே அடுத்த கவளத்தை எடுத்தாள்.